பழைய நெல் கிடங்கில் மண், நீர் பரிசோதனைக் கூடம்: இடிக்காமல் அமைக்க முடியுமா?

கேள்வி: பாலக்காட்டு வாசகர்

வணக்கம். பாலக்காட்டுக் கோட்டைக்கு அருகே எங்கள் குடும்பத்துக்கு ஒரு பழைய நெல் மண்டி இருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சுச் சுவர், தேக்கு உத்திரங்களின் மேல் பலகை மச்சு, மங்களூர் ஓடு, பின்கட்டில் முற்றமும் வண்டிப் புரையும் உள்ளன. மண்ணும் கிணற்று நீரும் பரிசோதிக்கும் கூடம் அமைக்க அதை வாடகைக்குக் கேட்கிறார்கள். பார்க்க வந்த பொறியாளர் மச்சை எடுத்துவிட்டுக் கான்கிரீட் தளம் போடச் சொன்னார். தாத்தா மூட்டை எண்ணிய அந்த இடத்தை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. வேறு வழி உண்டா?

பதில் 1: மரபுக் கட்டடப் பொறியாளர்

உண்டு. மும்பை பரேலில் ஆளுநர் மாளிகையாக இருந்த கட்டடத்தில்தான் 1899-இல், பிளேக் தடுப்பூசியை உருவாக்கிய ஹாஃப்கினின் ஆய்வகம் குடியேறியது; இன்றும் அந்த நிறுவனம் அங்கேயே இயங்குகிறது. எந்த வேலையை எந்த அறை தாங்கும் என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசுக்கு, ஆள் நடந்தால் அதிரும் பலகை மச்சு ஆகாது. அதைக் கீழ்த்தளத்தில், சுவரைத் தொடாத தனி மேடையில் கற்பலகை பதித்து வைக்க வேண்டும். மச்சில் கணினிகளும் பதிவேடுகளும் இருக்கட்டும்.

உண்மையான சிக்கல், மாதிரிகளை அமிலத்தில் கரைக்கும்போது எழும் அமிலப் புகைதான். அதை உறிஞ்சி வெளியே தள்ளும் புகைபோக்கிப் பெட்டியின் வாய் 1.5 மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரம் என்று கொண்டால், நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் அது மணிக்கு 1,350 கன மீட்டர் காற்றை வெளியேற்றும். ஐந்துக்கு ஐந்து மீட்டரில் மூன்றரை மீட்டர் உயரமுள்ள அறையின் காற்று முழுவதும் மணிக்குப் பதினைந்து முறை மாறுவதற்குச் சமம் அது. அந்த அறையைக் குளிரூட்டுவது மின்சாரத்தைத் தெருவில் கொட்டுவதாகும். அமில ஆவி சுண்ணாம்புப் பூச்சையும் அரிக்கும். ஆகவே அந்த ஒரு வேலைக்கு மட்டும் முற்றத்தில் தனிக் கொட்டகை போடுங்கள். சுவருக்குச் சிமெண்டு பூசிவிடாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

பதில் 2: கல்பாத்தி வாசகர்

ஐயா சொன்ன கொட்டகையில் ஒரு தடை உண்டு. கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால், 2010-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. பழுது பார்க்கவும் முன் அனுமதி வேண்டும். அடுத்த 200 மீட்டருக்குள் கட்டவும் அனுமதி தேவை. முதலில் அளந்து பாருங்கள்.

இன்னொன்று, கணவாய்க் காற்று. தையில் கிழக்கிலிருந்தும் ஆடியில் மேற்கிலிருந்தும் நம் ஊரில் பலமாக வீசும். புகைக் குழாயைக் கூரை முகட்டுக்கு மேல் மூன்று மீட்டராவது உயர்த்தாவிட்டால் இரு பக்கத்து வீட்டாரும் அவதிப்படுவார்கள்.

கேள்வி கேட்டவர்

அளந்தேன், 100 மீட்டருக்குள்தான் வருகிறது. ஆகவே ஏற்கெனவே நிற்கும் வண்டிப் புரையைப் பழுது பார்த்து அமில அறையாக்க அனுமதி கேட்கப் போகிறேன். மச்சில் கை வைக்கவில்லை.