ஷுல்மன் படம் ஒட்டுவேலையாம்!

முனிர்கா முத்து:
நேற்று ஒரு மகான் இங்கே அருள்வாக்கு சொல்லியிருக்கிறார்: "1960-ல் கட்டடப் புகைப்படக்காரர் ஜூலியஸ் ஷுல்மன் எடுத்த, லாஸ் ஏஞ்சலிஸ் மலைமேல் நிற்கும் கண்ணாடி வீடான ஸ்டால் வீட்டின் படம், இரண்டு படங்களைச் சேர்த்த ஒட்டுவேலை. நவீனக் கட்டடக்கலைக்கு வந்த பேரே இப்படி வந்ததுதான்." ஐயா, அது ஒரே ஃபிலிம். வீட்டு விளக்கை அணைத்து, கீழே லாஸ் ஏஞ்சலிஸ் விளக்குகளுக்காகச் சுமார் 7 நிமிடம் பதிந்தார். பல்புகளுக்குப் பதிலாக ஃபிளாஷ் பல்பு மாட்டி, அதே ஃபிலிமிலேயே அதை அடித்தார். கண்ணாடிக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு பெண்களும் ஃபிளாஷில் பதிந்தவர்கள்.

ஆர்.கே.புரம்வாசி:
ரெண்டு தடவை பதிஞ்சா ரெண்டு படம். ரெண்டு படம் சேர்ந்தா ஒட்டு. இதுக்கு இவ்வளவு பிரசங்கமா?

முனிர்கா முத்து:
கத்தரி எங்கே, பசை எங்கே? விளக்கோடு 7 நிமிடம் திறந்து வைத்தால் கூடம் வெளுத்துப்போகும், ஆட்கள் அசைந்து புகையாகிவிடுவார்கள். நடுவில் முக்காலி நூலிழை நகர்ந்தாலும் கூரை விளிம்பு இரட்டையாகத் தெரியும். ஒட்டுகிறவனுக்கு இந்தத் தலைவலி ஏது?

மயூர்விகார் மாலதி:
படத்தாலேயே பேர் வாங்கின பார்சிலோனா பெவிலியனை, அதான் ஸ்பெயின் கண்காட்சிக்கு மீஸ் வான் டெர் ரோ கட்டின மண்டபத்தை, விட்டுட்டீங்களே. 1929-ல கட்டி 1930-லயே பிரிச்சாச்சு. 1986-ல திரும்பக் கட்டுற வரைக்கும் ஊர் உலகம் பார்த்தது கறுப்பு வெள்ளைப் படம்தான். பச்சைப் பளிங்கு, தேன் நிற ஓனிக்ஸ் கல், சிவப்புத் திரை எல்லாம் சாம்பலாப் போச்சு!

ஆர்.கே.புரம்வாசி:
பேச்சை மாத்தாதீங்க மேடம். ஒட்டா, இல்லையா?

முனிர்கா முத்து:
ஒட்டு இல்லை. நம் டெல்லி பிரகதி மைதானத்துக்கே வாருங்கள். கட்டடக்கலைஞர் ராஜ் ரேவாலும் பொறியாளர் மகேந்திர ராஜும் 1972-ல் எழுப்பிய ஹால் ஆஃப் நேஷன்ஸ் கண்காட்சி அரங்கை 2017 ஏப்ரலில் இடித்தார்கள். இன்று கையில் மிஞ்சியது மதன் மஹத்தா போன்ற புகைப்படக்காரர்களின் படம்தான். அந்தக் கான்கிரீட் சட்டகத்துக்குச் சாய்வெயில் வேண்டும். உச்சிவெயிலில் நிழல் விழாது, ஆழம் செத்துப்போகும். வெயிலுக்குக் காத்திருப்பதும் மோசடியா?

ஆர்.கே.புரம்வாசி:
போன மாசம் நீங்க போட்ட படத்துல தூணெல்லாம் குடிச்சவன் மாதிரி சாஞ்சு நின்னுச்சே, அதுக்கு எந்த வெயில்?

முனிர்கா முத்து:
மொபைலை அண்ணாந்து பிடித்தால் அப்படித்தான். தனித்தனித் தாளாக ஃபிலிம் போடும் பெரிய ஷீட் ஃபிலிம் கேமராவில் ஃபிலிமைச் செங்குத்தாக வைத்து லென்ஸை மட்டும் மேலேற்றுவார்கள், தூண் நேராக நிற்கும். லென்ஸ் ஃபிலிம்மீது வீழ்த்தும் ஒளிவட்டம் போதாவிட்டால் மேல் மூலைகள் இருண்டுவிடும். மாதக்கணக்காக வயிற்றில் வைத்திருந்தீர்களோ?

மயூர்விகார் மாலதி:
போன வருஷம் சிமெண்ட் நிறத்துக்கும் இதே ரெண்டு பேருதான் சண்டை போட்டாங்க.

ஆர்.கே.புரம்வாசி:
ரெண்டு பதிவு. ரெண்டு.

முனிர்கா முத்து:
ஒரே ஃபிலிம்.