சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டே எழுதிச் சம்பாதிக்க முடியுமா? அரசாங்க உதவி ஏதாவது கிடைக்குமா?

செம்பனைப்பூ:
எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 24 வயது. சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பா இன்னும் செம்பனை வெட்டப் போகிறார், வீடு மட்டும் பட்டணத்துக்கு வந்துவிட்டது. ஒரு பாலர் பள்ளியில் வேலை பார்க்கிறேன், சம்பளம் குறைந்தபட்ச 1,700 வெள்ளியை ஒட்டித்தான். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் தமிழ் இலக்கியம் எடுத்தேன், மலாய் நன்றாக வரும், ஆங்கிலம் சுமார். ஞாயிறு பதிப்புகளில் என் கதைகள் வந்திருக்கின்றன, அதற்குப் பணம் வந்ததில்லை. ஓர் இணையத்தளம் மாதக்கணக்கில் என்னிடம் கட்டுரை வாங்கிப் போட்டது, கட்டுரைக்கு இவ்வளவு என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) சொன்னார்கள், கேட்டால் அடுத்த மாதம் என்கிறார்கள், இப்போது பதிலே இல்லை.

நான் கேட்க வருவது இதுதான். முழு நேரமாக இல்லாவிட்டாலும் மாதம் கொஞ்சம் பணம் வருகிற மாதிரி எங்கே எழுதலாம்? புதிதாக எழுத வருகிறவர்களுக்கு நிதி, மானியம் என்று ஏதாவது உண்மையிலேயே இருக்கிறதா, அல்லது பேச்சுதானா? எங்கள் தோட்டத்துப் பாட்டிகளின் கதைகளைச் சேர்த்து ஒரு புத்தகம் எழுத ஆசை, அதற்காகத்தான் கேட்கிறேன். இன்னொன்று, ஒரு புலனக் குழுவில் 150 வெள்ளி கட்டிப் பதிந்துகொண்டால் வீட்டிலிருந்தே தட்டச்சு, மொழிபெயர்ப்பு வேலை தருகிறோம் என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

ஈப்போ அக்கா:
தங்கச்சி, முதலில் அந்த 150 வெள்ளியைக் கட்டாதே. வேலை தருகிறவன் உன்னிடம் பணம் வாங்க மாட்டான், வைப்புத்தொகை, மென்பொருள் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அப்படித்தான். ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் உடனே 997க்கு அழையுங்கள், அது மோசடிகளுக்கான தேசிய மையத்தின் எண். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது.

சரி, வருமானத்துக்கு வருவோம். உன் கையில் இருப்பது தமிழும் மலாயும், இரண்டும் நன்றாக வருகிற ஆட்கள் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. நான் பல வருடமாக இந்த வேலையில்தான் பிழைக்கிறேன். தொழிற்சாலைப் பாதுகாப்பு அறிவிப்பு, மருந்து பற்றிய சிற்றேடு, வங்கிப் படிவம், கூட்டுறவுச் சங்க ஆண்டறிக்கை, தேர்தல் நேரத்தில் துண்டறிக்கை, தொலைக்காட்சி நாடகத்துக்கு சப்டைட்டில். யாரும் இதற்கு மாலை போட மாட்டார்கள், ஆனால் மாதக் கடைசியில் வீட்டு வாடகை இதிலிருந்துதான் போகிறது. ஐ.டி.பி.எம். என்கிற மொழிபெயர்ப்பு நிறுவனம் 1993லிருந்து இருக்கிறது, அவர்கள் மொழிபெயர்ப்புப் பயிற்சி நடத்துகிறார்கள், அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் கம்பெனிகள் உன்னைக் கொஞ்சம் மதித்துப் பேசும். 1978ல் தொடங்கிய மலேசிய மொழிபெயர்ப்பாளர் சங்கமும் இருக்கிறது.

விலையைச் சொல்லுக்கு இவ்வளவு என்று பேசு, பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசாதே, ஏனென்றால் பக்கத்தில் எழுத்தைச் சின்னதாக்கி நிறைய அடைத்துவிடுவார்கள். மூல மொழியின் சொற்களை எண்ணுவதா, தமிழ்ச் சொற்களை எண்ணுவதா என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள். மலாயில் நான்கைந்து சொல்லாக இருப்பது தமிழில் ஒட்டிக்கொண்டு இரண்டு மூன்று சொல்லாகிவிடும், தமிழை எண்ணினால் நஷ்டம் உனக்குத்தான். சோதனைக்கு மொழிபெயர்த்துக் காட்டு என்றால் அரைப் பக்கம், மிஞ்சிப் போனால் ஒரு பக்கம். முழு ஆவணத்தையும் சோதனை என்று சொல்லி வாங்கிக்கொண்டு காணாமல் போகிற ஆட்கள் இருக்கிறார்கள். புதிய ஆளாக இருந்தால் பாதிப் பணம் முன்பணம்.

பழைய பேனா:
மகளே, வாழ்த்துகள். நான் நாளிதழ் ஒன்றில் துணையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஞாயிறு பதிப்பில் கதை வருவதை யாரும் மட்டமாகப் பேசினால் நம்பாதே, இந்த நாட்டில் எழுத வந்த பலருக்கும் அதுதான் முதல் வாசல். ஆனால் அதிலிருந்து வருமானம் எதிர்பார்க்க முடியாது. 1924ல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 பிப்ரவரியில் நின்றுபோனது. மலேசிய நண்பன், மக்கள் ஓசை, தமிழ் மலர் போன்றவை தொடர்ந்து நடத்துவதே பெரும்பாடு. விளம்பரம் குறைந்தால் முதலில் வெட்டுப்படுவது இலக்கியப் பக்கம்தான், சன்மானம் எங்கே வரும்.

உன்னைப் போன்றவர்களுக்கு மொத்தமாக ஒரு தொகை கிடைக்கிற வழி போட்டிகள். 1962ல் தோன்றிய மலேசியத் தமிழ் எழுத்தாளர் சங்கம் நடத்துபவை இருக்கின்றன, மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் சிறுகதைப் போட்டியில் பொதுமக்களுக்கும் தனிப் பிரிவு இருக்கிறது, புத்தகம் வந்த பிறகு என்றால் சோமா அறவாரியத்தின் நூல் பரிசு இருக்கிறது. நம் ஆட்களில் பலர் கவனிக்காமல் விடுவது காமன்வெல்த் சிறுகதைப் பரிசு. அதற்குத் தமிழிலேயே அனுப்பலாம், மலாயிலும் அனுப்பலாம். நுழைவுக் கட்டணம் இல்லை. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், கதை 2,000 முதல் 5,000 சொற்களுக்குள், எங்கும் வெளியாகாததாக இருக்க வேண்டும். ஐந்து வட்டாரங்களில் ஒவ்வொன்றுக்கும் 2,500 பவுண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக ஒருவருக்கு 5,000 பவுண்டு. 2019ல் ஆசிய வட்டாரப் பரிசை வாங்கியவர் நம் நாட்டு சரஸ் மாணிக்கம், அவர் எழுதியது ஆங்கிலத்தில். தமிழ்க் கதைகள் அங்கே இன்னும் நிறையப் போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம். சிங்கப்பூரின் தங்கமுனை விருது பற்றி யாராவது சொன்னால், அது அங்குள்ள குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது, நமக்கு இல்லை.

கித்தா காடு:
மானியம் பற்றிக் கேட்டீர்கள், அதைச் சொல்கிறேன். நான் ஒரு சங்கத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறவன், அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தது.

"எனக்கு எழுத ஆசை, ஆறு மாதம் வாழ்வதற்குப் பணம் கொடுங்கள்" என்று கேட்டால் கொடுப்பதற்கு நம் நாட்டில் ஆள் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுக்கிற இடங்கள் திட்டத்துக்குத்தான் கொடுக்கும். கலைத்துறைக்காக 2017ல் செண்டானா என்று ஓர் அமைப்பு வந்தது, அவ்வப்போது நிதி அறிவிப்பு விடுவார்கள், எந்தக் கலை, யார் தகுதி என்பது ஒவ்வோர் அறிவிப்புக்கும் மாறும், அதனால் பழைய விதியைப் பார்த்து ஏமாற வேண்டாம். மித்ரா என்கிற அரசாங்க அமைப்பு இந்தியச் சமூகத்துக்கானது, ஆனால் அங்கே பெரும்பாலும் பதிவு பெற்ற அமைப்புகள் வழியாகப் போவதுதான் நடக்கிற காரியம், உங்கள் ஊர் வாசகர் வட்டமோ மகளிர் அமைப்போ பதிவில் இருந்தால் அவர்களோடு சேருங்கள். சிறு வியாபாரிகளுக்கான அரசாங்க நிறுவனமான டெக்குன், இந்தியத் தொழில்முனைவோருக்குத் தருகிற ஸ்பூமி திட்டத்தை மானியம் என்று சிலர் சொல்வார்கள். அது கடன். மாதாமாதம் திருப்பிக் கட்ட வேண்டும். கதை எழுத அதை எடுக்காதீர்கள், எவ்வளவு ஆசையாக இருந்தாலும்.

உங்கள் பாட்டிகள் கதை ஒரு திட்டமாக நிற்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் விண்ணப்பத்தில் "தோட்டப் பாட்டிகளின் கதை" என்று மட்டும் எழுதினால் தள்ளிவிடுவார்கள். எந்தத் தோட்டம், எத்தனை பேரைப் பேட்டி காண்பீர்கள், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, ஒலிப்பதிவுக் கருவிக்கு எவ்வளவு, கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய்வர பஸ் எவ்வளவு, தட்டச்சுக்கும் அச்சுக்கும் எவ்வளவு, முடிவில் பொதுமக்கள் கையில் என்ன கிடைக்கும். உங்கள் உழைப்புக்கும் ஒரு தொகை போடுங்கள், நம் ஆட்கள் கூச்சப்பட்டு அதை மட்டும் விட்டுவிடுகிறார்கள், அப்புறம் எல்லோருக்கும் பணம் கொடுத்துவிட்டு எழுதியவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறார்.

அப்புறம் அந்த இணையத்தளம் விஷயம். புலனச் செய்திகளை அழித்துவிடாதீர்கள், படம் பிடித்து வையுங்கள், கட்டுரை வெளியான பக்கங்களையும் தேதியோடு வையுங்கள். நாள் குறிப்பிட்டு ஒரு கடிதம் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கு போடலாம், 5,000 வெள்ளி வரை, வக்கீல் இல்லாமல் நீங்களே. பாரம் 198 என்று கேளுங்கள், கொடுப்பார்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் சொல்வதில்லை. 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, ஒருவர் உங்களைக் கேட்டு எழுத வைத்தால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரை பதிப்புரிமை எழுதச் சொன்னவருக்குப் போய்விடும். நீங்களாக எழுதி அனுப்புகிற கதை உங்களுடையது, ஆனால் "எங்களுக்காக இதை எழுதிக் கொடு" என்று கேட்கிற கட்டுரையில் "உரிமை எழுதியவரிடமே இருக்கும், நீங்கள் ஒரு முறை வெளியிடலாம்" என்று இரண்டு வரி மின்னஞ்சலிலாவது வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு அதே கட்டுரைகளைப் புத்தகமாக்கும்போது இந்த இரண்டு வரிதான் காப்பாற்றும்.

இரவு வாசகன்:
பிரதிலிபி என்கிற கதைச் செயலியில் தொடர்கதை எழுதி வாசகர் சந்தா மூலம் சிறிய தொகை பார்க்கிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள், ஆனால் தினமும் அத்தியாயம் போட வேண்டும், குடும்பக் கதை, காதல் கதைதான் அங்கே ஓடும். அமேசான் கிண்டிலில் தமிழ் மின்னூல் போடலாம். ஒன்று கவனியுங்கள், அமெரிக்காவோடு நமக்கு வருமான வரி உடன்படிக்கை இல்லாததால் அங்கே விற்கிற பிரதிகளின் ராயல்டியில் 30 விழுக்காட்டை முதலிலேயே பிடித்துவிடுவார்கள். அச்சுப் புத்தகம் போடுவதாக இருந்தால் ஐ.எஸ்.பி.என். என்கிற நூல் அடையாள எண்ணைத் தேசிய நூலகம் இலவசமாகத் தருகிறது, வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்கிறவர்களிடம் கொடுக்க வேண்டாம். புத்தகம் வந்ததும் ஐந்து பிரதிகள் தேசிய நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும், அது சட்டம்.

வகுப்பறை ஜன்னல்:
ஈப்போ அக்கா சொன்னதோடு எனக்குக் கொஞ்சம் வேறுபாடு இருக்கிறது, கோபித்துக்கொள்ள வேண்டாம். மொழிபெயர்ப்பு சோறு போடும், மறுக்கவில்லை. ஆனால் பகல் முழுவதும் சின்னப் பிள்ளைகளோடு நின்றுவிட்டு இரவில் வங்கிப் படிவத்தை மொழிபெயர்த்தால் அந்தத் தங்கைக்கு எழுதுவதற்கு என்ன மிஞ்சும்? நல்ல கதை எழுதிக்கொண்டிருந்த என் தோழிகள் சிலர் அப்படியே நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். வாரத்தில் இத்தனை மணி நேரம்தான் கூலி வேலை என்று முதலிலேயே கோடு போட்டுக்கொள்ளம்மா.

பாட்டிகளின் கதைக்கு மானியம் வரட்டும் என்று காத்திருக்காதே. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டார்கள், கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலமே அதை ஒட்டித்தான் வந்தது, 1960 வரை நீடித்தது. துரைமார்களைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. அன்றைக்கு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த நம் பெண்கள் என்ன பார்த்தார்கள், அரிசிப் பங்கீடு எப்படி நடந்தது, கம்பி வேலிக்குள் எப்படிக் குடும்பம் நடத்தினார்கள் என்பது எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது? அன்று பத்து வயதாக இருந்தவர்களுக்கு இன்று 85க்கும் மேல். கைத்தொலைபேசியில் பதிவு செய்ய ஒரு காசு செலவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமையே போ, பெயரைப் போடலாமா என்று கேட்டு அவர்கள் சம்மதத்தையும் அதே ஒலிப்பதிவில் வாங்கிக்கொள்.

மலாய் நன்றாக வரும் என்கிறாய், அப்படியானால் அதில் ஒரு கட்டுரையை மலாயிலும் எழுது. அரசாங்கத்தின் மலாய் மொழி, நூல் நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் துனாஸ் சிப்தா இளம் எழுத்தாளர்களுக்கான இதழ், டேவான் சாஸ்த்ரா அவர்களுடைய பெரிய இலக்கிய இதழ், இரண்டிலும் வெளியாகும் படைப்புக்குச் சன்மானம் உண்டு. தோட்டத்து வாழ்க்கையை மலாய் வாசகர்களிடம் நம் பிள்ளைகளே எடுத்துச் சொல்ல வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

ஈப்போ அக்கா:
டீச்சர் சொல்வது சரிதான், கோபம் எதற்கு. நேரத்துக்குக் கோடு போட வேண்டும் என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். கையில் காசே இல்லாமல் எழுத உட்கார்ந்தாலும் எழுத்து ஓடாது என்பதால்தான் வருமானத்தை முதலில் சொன்னேன். தங்கச்சி, வேலை தொடர்ந்து வர ஆரம்பித்தால் தொழில்களைப் பதிகிற எஸ்.எஸ்.எம்.மில் சொந்தப் பெயரிலேயே பதிந்துகொள், வருடத்துக்கு 30 வெள்ளி, கம்பெனிகள் பணம் போட வசதியாக இருக்கும். அதன் பிறகு வருமான வரிக்குப் பாரம் பி, ஜூன் 30க்குள்.

செம்பனைப்பூ:
எல்லோருக்கும் மிகவும் நன்றி, இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. 150 வெள்ளியைக் கட்டவில்லை, குழுவிலிருந்து வெளியேறிவிட்டேன், அம்மாவின் தோழி ஒருவர் கட்டியிருக்கிறார், அவரிடம் 997 எண்ணைக் கொடுத்துவிட்டேன். ஐயா, ஒரு சந்தேகம். என்னிடம் முடித்து வைத்த ஒரு கதை இருக்கிறது, முகநூலில் முதல் பகுதியை மட்டும் போட்டேன். அதை காமன்வெல்த்துக்கு அனுப்பலாமா? அதையே ஞாயிறு பதிப்புக்கும் கொடுக்கலாமா?

பழைய பேனா:
முகநூலில் வந்த கதையை அதற்கு அனுப்பாதே மகளே, பகுதிதானே என்று வாதாட வேண்டியிருக்கும், அது வேண்டாம். அந்தக் கதையை ஞாயிறு பதிப்புக்குக் கொடு. போட்டிக்குப் புதிதாக ஒன்று எழுது, யாரிடமாவது காட்ட வேண்டும் என்றால் மின்னஞ்சலில் காட்டு, பொதுவில் போடாதே. செப்டம்பரில் திறந்து நவம்பர் 1 வாக்கில் மூடுவது அவர்கள் வழக்கம், இருந்தாலும் அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்துக்கொள். எழுதி முடித்ததும் இங்கே சொல், ஒற்றுப்பிழை நான் பார்த்துத் தருகிறேன்.