பிரசவ நேரத்தில் சியோலில் கேட்ட கரடிக் கதை

கொரிய நாட்டு வைத்தியம் என்றதும் ஜின்செங் வேர், மான் கொம்பு என்றுதான் பலரும் சொல்வார்கள். எனக்குக் கிடைத்தது வேறு அனுபவம்.

சியோலில் எனக்குப் பெண் பிறந்து வீட்டுக்கு வந்த அன்று, கீழ்வீட்டு ஹல்மோனி (பாட்டியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒரு குண்டான் நிறைய மியோக்குக், அதாவது கடற்பாசி சூப் கொண்டுவந்தார். கரும்பச்சையாக வழவழவென்று, மேலே நல்லெண்ணெய் மினுங்க இருந்தது. கடல் வாடையில் நான் தயங்கியதைப் பார்த்து, "திமிங்கிலம் குட்டி போட்டதும் இதைத்தான் தேடித் தின்னும், அதைப் பார்த்துத்தான் நாங்களே கற்றோம், குடிம்மா" என்றார். மூன்று வாரம் தினமும் குடித்தேன்.

21 நாள் வெளியாள் யாரையும் உள்ளே விடாதே என்பதும் அவர் கண்டிப்பு. சம்சிரில், அதாவது மூன்று ஏழு. ஏன் 21 என்று கேட்டேன், கரடிக் கதை வந்தது. மனிதராக ஆசைப்பட்ட கரடிக்கும் புலிக்கும் ஹ்வானுங் என்ற வானுலக இளவரசன் கொஞ்சம் ஸ்ஸுக் இலையும் (நம் மரிக்கொழுந்துக்குச் சொந்தக்காரச் செடி) 20 பூண்டும் கொடுத்து, 100 நாள் வெயில் படாமல் இருக்கச் சொன்னாராம். புலி பாதியில் ஓடிவிட்டது, கரடியோ 21 நாளிலேயே பெண்ணாகிவிட்டது. அவள் பெற்ற பிள்ளைதான் கொரியாவின் முதல் அரசன் தாங்குன். ஜன்னலைச் சாத்திய அறையில், அம்மா போனில் சொல்லிக்கொடுத்த பூண்டுக் குழம்பைச் சாப்பிட்டபடி இதைக் கேட்டேன். அந்தக் கரடி எனக்கு ரொம்ப நெருங்கிப்போனது.

அப்புறம் ஒரு நாள் அவர் வீட்டு டிவியில், நாட்டு மருந்தாக விற்கும் பித்தநீருக்காக வளர்த்த கரடிகளைக் காட்டினார்கள். நெஞ்சில் பிறை போட்ட கரடி, கம்பிக்குள் அப்படியும் இப்படியும் ஒரே இடத்தில் ஆடிக்கொண்டே இருந்தது. 1981-இல் அரசே ஊக்குவித்து ஆரம்பித்த பண்ணைத் தொழில் அது. ஹல்மோனி பூண்டு உரிப்பதை நிறுத்திவிட்டார். கணவரின் ஈரலுக்காக அந்தக் காலத்தில் தானும் ஒரு தடவை கரடிப் பித்தம் வாங்கியதாக, டிவியைப் பார்த்தபடியே சொன்னார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

2026 ஜனவரியிலிருந்து தென்கொரியாவில் அந்தக் கரடிப் பண்ணைத் தொழிலுக்குச் சட்டப்படி தடை. பித்தத்தில் இருக்கும் மருந்துப்பொருளைக் கரடி இல்லாமலே தயாரித்து மாத்திரையாக விற்கிறார்கள், டாக்டரைக் கேட்டு அதை வாங்கலாம். ஊரிலிருந்து யாராவது கரடிப் பித்தம் வாங்கிவரச் சொன்னால், தயவுசெய்து முடியாது என்று சொல்லிவிடுங்கள்.