கும்பகோணத்தில் பழைய மெட்ராஸ் டெரஸ் கடை: ஒழுகுது, எங்கே ஆரம்பிப்பது?

கடைத்தெரு_வாசி:
வணக்கம். தாத்தா காலத்துக் கடை, 16 அடி அகலம், 58 அடி நீளம். கீழே கடை, மேலே குடோன், ரெண்டு தளமும் மெட்ராஸ் டெரஸ் (மரக் கட்டைகள் மேல் செங்கல் அடுக்கி, அதன் மேல் சுண்ணாம்பு ஜல்லி போட்ட பழைய பாணித் தளம்). ரொம்ப வருஷமாகப் பூட்டியே கிடக்கிறது. அண்ணன், தங்கை, நான் மூணு பேரும் செலவைப் பகிர்ந்து சரிபண்ணப் போகிறோம்.

மொட்டைமாடியில் தட்டோட்டுக்கு (தட்டையான சுட்ட ஓடு) மேல் பின்னாளில் போட்ட சிமெண்ட் தளம், அதற்கும் மேல் தார்ஷீட். கைப்பிடிச் சுவரில் அரசஞ்செடி. தேக்கு உத்தரக் கட்டைகள் 4க்கு 7 அங்குலம், 15 அங்குலத்துக்கு ஒன்று. வடக்குச் சுவரில் நாலு கட்டையின் நுனி திருப்புளி குத்தினால் உள்ளே போகிறது. கீழே சுவரில் 4 அடி உயரத்துக்கு உப்புப் பூத்து சிமெண்ட் பூச்சு உப்பி நிற்கிறது. பார்த்த கொத்தனார், "கட்டையெல்லாம் எடுத்துட்டு கான்கிரீட் போட்டுடுங்க" என்கிறார். பூச்சை முதலில் பார்ப்பதா, கூரையையா?

சுண்ணாம்புக்கலவை:
கூரைதான். மேலே ஒழுகல் நிற்காதவரை கீழே செய்கிற எந்த வேலையும் வீண். கான்கிரீட் யோசனையை விடுங்கள். சுண்ணாம்பில் கட்டிய பழைய சுவர் மேல் கான்கிரீட் தளம் உட்கார்ந்தால் வெயிலில் அது விரிந்து சுருங்குகிற இடத்தில் சுவர் தலைமட்டத்தில் நீளமாக விரிசல் விடும்.

முதலில் முட்டு. கட்டைகளுக்குக் குறுக்கே ஒரு சட்டம் வைத்து, அதன் கீழ் 3 அடிக்கு ஒரு சவுக்குக் கம்பு, அடியில் பலகை, ஆப்பு. மேல்தளத்து முட்டு எங்கே நிற்கிறதோ அதே இடத்தில் கீழ்தளத்திலும் முட்டு தரைவரை இறங்கணும். ஜாக்கி வைத்துத் தூக்காதீர்கள், தாங்கினால் போதும். தொங்கிய கட்டையை நிமிர்த்தப் போனால் மேலே செங்கல் வரிசை பிளந்துவிடும்.

பிறகு தார்ஷீட், சிமெண்ட் தளம் இரண்டையும் எடுங்கள். மெட்ராஸ் டெரஸே சதுர அடிக்குச் சுமார் 30 கிலோ. அதன் மேல் 2 அங்குலம் கான்கிரீட் என்றால் இன்னும் 10 கிலோ கூடும். தார்ஷீட் அதைவிட மோசம்: ஓரத்தில் புகுந்த தண்ணீர் மேலே ஆவியாக வழியில்லாமல் சுவருக்குள் இருக்கும் கட்டை நுனிக்குப் போகும். உங்கள் நாலு கட்டையும் ஒரே சுவரில் போனதற்குக் காரணம் அநேகமாக அதுதான். அந்தப் பக்கம் மழைநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா பாருங்கள். உடைக்கும்போது சுத்தியும் உளியும் மட்டும், பிரேக்கர் மெஷின் வேண்டாம்.

கூரையில் பழைய ஜல்லிக்குப் பதிலாகப் போடும் புதுத் தளத்துக்குச் செங்கல் ஜல்லி 32 பங்கு, நீற்றிய சுண்ணாம்பு 12½ பங்கு, மணல் கிடையாது. ஜல்லியை முந்தைய நாளே நனைத்து வைக்கணும், இல்லாவிட்டால் சுண்ணாம்பின் ஈரத்தை அது உறிஞ்சிவிடும். 4 அங்குலம் பரப்பி மரக்கட்டையால் அடித்து 3 அங்குலத்துக்கு இறக்குங்கள். இடையிடையே கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளிக்கணும். அடிக்கிற கட்டை பதியாமல் எகிறி, மேலே பால் மாதிரி சுண்ணாம்பு கசிந்தால்தான் பதம். அவசரத்தில் ஒரே நாளில் அடித்து முடிக்கிற தளம்தான் அடுத்த ஐப்பசியில் ஒழுகும். வாட்டம் 50 அடிக்கு 1 அடி. 10 நாள் வைக்கோல் போட்டு ஈரமாக வைத்து, அப்புறம் தட்டோடு. தை மாதம் ஆரம்பித்தால் ஆடிக்குள் முடியும்.

அரசஞ்செடியைப் பச்சையாகப் பிடுங்கினால் சுவரும் கூட வரும். வெட்டி, வெட்டுவாயில் உடனே களைக்கொல்லி தடவி, காய்ந்தபின் இரண்டு மூன்று வரி செங்கலைப் பிரித்து வேரை எடுங்கள்.

ஸ்ட்ரக்சர்_மதுரை:
கட்டை விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். நுனி ஒரு அடிக்குள்தான் போயிருக்கிறது, மீதி வைரம் பாய்ந்த தேக்கு என்றால் முழுக் கட்டையையும் மாற்றுவது வீண் செலவு. போன பகுதியை அறுத்துவிட்டு இருபுறமும் 6 அங்குல சி-சேனல் (C வடிவ இரும்புச் சட்டம்) வைத்து 16 மி.மீ. போல்ட் போடுங்கள். நல்ல மரத்தின் மேல் குறைந்தது 3 அடி ஏறணும், சுவரில் 6 அங்குலம் கருங்கல் மேல் உட்காரணும். சேனலுக்கு பிரைமர் அவசியம். சிலருக்கு இரும்பு தெரிவது பிடிக்காது. குடோனில் தெரிந்தால் என்ன? போல்ட் எண்ணிக்கையை மட்டும் ஒரு பொறியாளர் நேரில் பார்த்துச் சொல்லட்டும்.

சரிசெய்த நுனியைச் சுற்றிச் சுவரில் காற்றுக்கு ஓர் அங்குலம் இடைவெளி விடுங்கள். கலவையால் இறுக்கி அடைத்தால் மறுபடி அழுகும். ஒரு சமயத்தில் ஒரு கட்டை மட்டும்.

சுண்ணாம்புக்கலவை:
சேனலுக்கு எனக்கு ஆட்சேபம் உண்டு, ஆனால் முன்பக்கக் கடையில் மட்டும். அங்கே பழைய தேக்கு வாங்கி ஒட்டுப்போட ஆசாரி கிடைத்தால் அதுதான் அழகு.

காவிரிக்கரை_கட்டடம்:
கீழ்ச் சுவரைப் பற்றி யாரும் சொல்லலை. முதலில் கடை வாசலில் நின்று ரோட்டைப் பாருங்கள். ஒவ்வொரு தரமும் மேலேயே தார் போட்டு ரோடு உயர்ந்து, கடைத் தரை பள்ளமாகியிருக்கும். அப்படியானால் வெளிச்சுவரை ஒட்டித் தண்ணீர் நிற்காமல் வடிகால் வேண்டும். அது இல்லாமல் உள்ளே எது பூசினாலும் உதிரும்.

உப்புக்கோட்டுக்கு மேல் ஒன்றரை அடிவரை சிமெண்ட் பூச்சை உரித்து, செங்கல் இடுக்கை முக்கால் அங்குலம் சுரண்டி, ஒரு கோடை முழுக்கத் திறந்து விடுங்கள். பூக்கும் உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி அள்ளி வெளியே கொட்டணும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். பிறகு சுண்ணாம்பு 1, மணல் 3, ஒரு கோட் 12 மி.மீ.க்கு மேல் வேண்டாம். மேலே வெள்ளையடிப்பு மட்டும், எமல்ஷன் கூடாது.

கடைத்தெரு_வாசி:
ரொம்ப நன்றி சார். ரோடு உண்மையிலேயே முக்கால் அடி உயரம். இன்னொன்று: ஷட்டர் போடுவதற்கு முன்பு இருந்த பலகைக் கதவு 14 பலகையும் பரணில் இருக்கிறது. திரும்ப மாட்டலாமா? நாங்களே செய்யக்கூடிய வேலை எது?

காவிரிக்கரை_கட்டடம்:
தாராளமாக. பலகை ஓரத்தில் உளியால் வெட்டிய கோடுகள் இருக்கும், அதுதான் வரிசை எண். தேய்த்து இழைக்கும் முன் சாக்பீஸில் எழுதிக்கொள்ளுங்கள். ஆளிவிதை எண்ணெய் ரெண்டு கை பூசுவது நீங்களே செய்யலாம். இடித்த செங்கலைச் சுத்தம் பண்ணுவதும்தான்: சுண்ணாம்புக் கலவை தட்டினால் உதிரும், பாதிக்கு மேல் மறுபடி கட்டலாம். முட்டு, கட்டை, கைப்பிடிச் சுவர் பக்கம் மட்டும் வீட்டாள் போகவேண்டாம்.

தரைக்கு டைல்ஸ் போடும்முன் கவனம். பலகையை மேல் காடியில் (பலகை நுழையும் பள்ளம்) நன்றாக ஏற்றிவிட்டுத்தான் கீழ் காடியில் இறக்கணும். அதற்காகத்தான் மேல் காடி ஆழம். வாசற்படியை ஓர் அங்குலம் உயர்த்தினாலும் பலகை உள்ளே போகாது, அப்புறம் 14 பலகையையும் அடியில் அறுக்கவேண்டி வரும்.