புதுப்பிப்பு: அசோகாரிஷ்டம் பற்றிக் கேட்டிருந்தேனே

மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம், ஆயுர்வேத மருந்தான அசோகாரிஷ்டம் குடிக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். முதலில் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்ன அக்காக்களுக்கு நன்றி. ஹீமோகுளோபின் 8.4தான், பெண்களுக்கு 12ஆவது இருக்க வேண்டும். ஸ்கேனில் கர்ப்பப்பையில் ஒரு நார்க்கட்டி. இரும்புச்சத்து மாத்திரை ஓடுகிறது, டீ காபியோடு போடக் கூடாதாம்.

அப்புறம் ஆயுர்வேத மருத்துவரையும் பார்த்தேன். பொறுமையாக விளக்கினார். அசோகப்பட்டைக் கஷாயத்தில் வெல்லமும் காட்டாத்திப் பூவும் சேர்த்துப் புளிக்க வைப்பதுதான் இந்த அரிஷ்டம். புளிக்கும்போது தானாகவே ஆல்கஹால் உண்டாகிறது; 5 முதல் 10 சதவீதம் என்று லேபிளிலேயே போட்டிருக்கிறது. கர்ப்பிணிகள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் தயவுசெய்து கேட்காமல் தொடாதீர்கள். பட்டையைப் பொடியாக வாங்குகிறவர்கள் இன்னும் கவனம்: பள்ளிக்கூட மதிலோரம் நெட்டையாக நிற்குமே நெட்டிலிங்கம், அதன் பட்டையைக் கலந்து விற்பது உண்டு.

ஹீமோகுளோபின் ஏறட்டும், பிறகு அரிஷ்டத்தைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லிவிட்டார். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. எப்படி இருக்கிறது என்று கேட்ட தங்கைக்கு: மாடிப்படி ஏறினால் இப்போது மூச்சு வாங்குவதில்லை. ரத்தப்போக்கு மட்டும் இன்னும் குறையவில்லை.