ஒரே வயலில் 30 மணித்தியாலம் தேடிவிட்டேன்: வயல் தீர்ந்துவிட்டதா, கருவியில் பிழையா?

கேள்வி: சஃபோக் வாசி

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், ஒரு கமக்காரரிடம் எழுத்தில் அனுமதி பெற்று, ஏறக்குறைய 4 ஹெக்டேயர் பரப்புள்ள கோதுமை வயலொன்றில் உலோகம் தேடும் கருவியுடன் நடந்து வருகிறேன். ஓகஸ்ட் தொடக்கத்தில் அறுவடை முடிந்ததிலிருந்து தொடர்ந்து ஆறு ஞாயிற்றுக்கிழமைகள், நாளொன்றுக்கு ஐந்து மணித்தியாலம் வீதம் தேடியிருக்கிறேன். நாளுக்குச் சராசரியாக 40 குழிகள் தோண்டியிருப்பேன். எல்லாவற்றையும் புல்லும் மண்ணும் பழையபடி இருக்கும் வகையில் மூடிவிட்டேன்.

முதல் இரண்டு வாரங்களில் பொத்தான்கள், துப்பாக்கி ஈயக் குண்டுகள், மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் காலத்துச் செப்புக் காசு இரண்டு ஆகியவை கிடைத்தன. மூன்றாவது வாரம் வயலின் தென்கிழக்கு மூலையில் ஒரு வெள்ளிக் காசின் பாதி கிடைத்தது. விரல் நகத்தை விடச் சற்றுப் பெரியது; கருஞ்சாம்பல் நிறம். சிலுவையின் கோட்டோடு நேராக வெட்டப்பட்டிருந்தது. மண்ணைத் தண்ணீரில் மட்டும் கழுவிப் பார்த்தபோது, சிலுவையின் கை விளிம்பு வரை போகாமல் உள்வட்டத்திலேயே நின்றுவிடுவது தெரிந்தது. 1180 முதல் 1247 வரை அடிக்கப்பட்ட குறுஞ்சிலுவைப் பென்னி என்று எண்ணுகிறேன். அரைப் பென்னி தேவைப்பட்டவர்கள் முழுக்காசை இப்படி இரண்டாக வெட்டிக்கொண்டார்கள் என்று படித்திருந்தாலும், அந்த வெட்டு விளிம்பை விரலால் தடவியபோது ஏற்பட்ட உணர்வு வேறு.

நான்காவது வாரம், மண்ணில் கிடக்கும் ஆணிகளுக்கெல்லாம் கருவி எழுப்பும் சத்தம் தாங்க முடியாததால், இரும்புக்கு ஒலிக்காதபடி அதை ஒதுக்கும் அளவைக் கூட்டினேன். ஐந்தாவது, ஆறாவது வாரங்களில் கருவி ஏறக்குறைய மௌனமாகவே இருந்தது. செப்டெம்பர் இறுதியில் விதைப்பு என்று கமக்காரர் கூறியிருக்கிறார். நீங்கள் ஓர் இடத்தில் எவ்வளவு நேரம் செலவிடுவீர்கள்? இந்த வயலை முடித்துவிட்டேன் என்று கொள்ளலாமா?

பதில்: கென்ட்டிலிருந்து

நண்பரே, மணிக்கணக்கை வைத்து முடிவு செய்வதற்கு முன், அந்த மணிகள் எங்கே போயின என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஆறு நாட்களுக்கு 240 குழிகள். ஒரு குழியைத் தோண்டி, பொருளை எடுத்து, மூடுவதற்கு நான்கு நிமிடம் என்று வைத்தாலே 16 மணி நேரம் போய்விடுகிறது. மீதமிருப்பது 14 மணி நேரம்தான். கருவியை நிதானமாக வீசி நடப்பவர் மணிக்கு ஒரு கிலோமீட்டர் நடந்தால் அதுவே நல்ல வேகம். வீச்சின் பயனுள்ள அகலத்தை ஒன்றேகால் மீட்டர் என்று கொள்வோம். 14,000 மீட்டரை 1.25 ஆல் பெருக்கினால் 17,500 சதுர மீட்டர் வருகிறது. அதாவது, ஒரே தடத்தில் இரண்டாம் முறை நடக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 4 ஹெக்டேரில் பாதியைக் கூட நீங்கள் தொடவில்லை.

எனவே வயல் தீர்ந்துவிட்டது என்ற பேச்சுக்கே இடமில்லை. எல்லா இடத்திலும் நடந்துவிட்டதாக நமக்குத் தோன்றும். ஆனால் நல்ல பொருள் கிடைத்த மூலையைத்தான் கால்கள் மறுபடியும் நாடியிருக்கும்.

பதில்: நோர்ஃபோக்கிலிருந்து

தம்பி, மேலே சொல்லப்பட்ட கணக்கு சரியானது. ஆனால் கடைசி இரண்டு வாரங்களின் மௌனத்தை அது விளக்கவில்லை. எனக்கு இரண்டு ஐயங்கள் இருக்கின்றன.

முதலாவது, அரிதாள். கோதுமையின் அடித்தாள் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது? பத்து அல்லது பன்னிரண்டு சென்ரிமீற்றர் நின்றால், கருவியின் வட்டு, அதாவது உலோகத்தை உணரும் அடிப்பாகம், அதன் மேலேதான் வழுக்கிச் செல்லும். அந்த உயரம் முழுவதும் மண்ணின் ஆழத்திலிருந்து கழிந்துவிடும். பெரிய செப்புக் காசு அப்போதும் கேட்கும். வெட்டிய வெள்ளிக் காசு கேட்காது. முதல் வாரங்களில் நீங்கள் டிராக்டர் சக்கரம் மிதித்த தடங்களிலோ தாள் சாய்ந்த இடங்களிலோ நடந்திருக்கக்கூடும்.

இரண்டாவது, இரும்பை ஒதுக்கும் அளவு. ஆணிக்கு அருகில் ஒரு வெள்ளித் துண்டு கிடந்தால், கருவி இரண்டையும் சேர்த்தே கேட்கிறது. இரும்பை அடக்கும்போது அதனுடன் வெள்ளியும் அடங்கிவிடுகிறது. ஆணி மிகுந்த இடம் என்பது பெரும்பாலும் மனிதர் புழங்கிய இடம். அதைச் சத்தம் என்று ஒதுக்குவது நம் கையாலேயே கதவைச் சாத்துவதற்கு ஒப்பாகும். அளவைக் குறையுங்கள், சிறிய வட்டு இருந்தால் மாட்டுங்கள், மெதுவாக வீசுங்கள். ஒரு திசையில் ஐயமான ஒலி கேட்டால், அதே இடத்தைக் குறுக்குத் திசையிலும் வீசிப் பாருங்கள். செங்குத்தாகக் கிடக்கும் காசு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பேசும்.

பழுதா இல்லையா என்பதை வீட்டுத் தோட்டத்திலேயே அறியலாம். சிறிய வெள்ளித் துண்டொன்றை 10 சென்ரிமீற்றர் ஆழத்தில் வைத்து, வட்டைத் தரையோடு ஒட்டி ஒருமுறையும், அரிதாள் உயரத்துக்குத் தூக்கி ஒருமுறையும் வீசிப் பாருங்கள்.

சஃபோக் வாசி

ஐயா, நேற்று மாலையே செய்து பார்த்தேன். பழைய தோடொன்றின் வெள்ளித் துண்டைப் புதைத்தேன். தரையோடு ஒட்டி வீசியபோது ஒலி தெளிவாகக் கேட்டது. 12 சென்ரிமீற்றர் தூக்கியபோது ஒன்றுமே இல்லை. அதன் அருகில் ஒரு துருப்பிடித்த ஆணியை வைத்து, இரும்பு ஒதுக்கும் அளவை நான்காவது வாரம் வைத்த நிலைக்குக் கொண்டுவந்தபோது, தரையோடு ஒட்டி வீசியும் கேட்கவில்லை. கருவியில் பழுது இல்லை, பிழை என்னுடையது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை இழந்துவிட்டேனே என்று மனம் வருந்துகிறது. விதைப்புக்கு இன்னும் ஒரே ஒரு ஞாயிறு இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது?

பதில்: லெஸ்டரிலிருந்து

ஒரு நாளில் 4 ஹெக்டேரையும் நெருக்கமாகத் தேட இயலாது. அதற்காக மனம் போன போக்கில் அலையவும் வேண்டாம். எங்கள் பகுதியில் 1485ஆம் ஆண்டின் பாஸ்வொர்த் போர்க்களத்தைத் தேடிய விதத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். போர் நடந்ததாக நெடுங்காலம் நம்பப்பட்ட குன்றைத் தாண்டி, 2005க்குப் பின் தொல்லியலாளர் கிளென் ஃபோர்டின் தலைமையில், கருவியாளர்கள் பல சதுர கிலோமீட்டர் பரப்பை வரிசை வரிசையாக நடந்தார்கள். முதலில் 10 மீட்டர் இடைவெளியில் கோடுகள். பொருள் தென்பட்ட இடங்களில் மட்டும் இரண்டரை மீட்டர் இடைவெளியில் மறுநடை. ஈய பீரங்கிக் குண்டுகளும், அந்தப் போரில் மாண்ட மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் சின்னமான வெள்ளிப் பன்றி முத்திரையும் இப்படித்தான் வெளிவந்தன. களம் உண்மையில் வேறு இடத்தில் இருந்தது.

உங்கள் வயலில் 10 மீட்டருக்கு ஒரு கோடு என்றால் மொத்தம் 4 கிலோமீட்டர். ஐந்து மணி நேரத்தில், தோண்டும் நேரத்தையும் சேர்த்து, இது சற்று இறுக்கமாக இருந்தாலும் முடியும். மூங்கில் குச்சிகளை நட்டுக்கொண்டு நேர்கோட்டில் நடங்கள். ஒவ்வொரு பொருளின் இடத்தையும் ஜிபிஎஸ் கொண்டு குறித்து, தனிப் பையில் இடுங்கள். எந்தக் கோட்டில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதையும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு எந்தப் பகுதிக்கு உங்கள் 30 மணி நேரத்தைக் கொடுக்க வேண்டும் என்பதை அந்த வரைபடமே காட்டும்.

பதில்: நோர்ஃபோக்கிலிருந்து

இந்தக் கருத்தில் எனக்குச் சிறிய மாறுபாடு உண்டு. ஒரே ஒரு நாள்தான் என்றால், நான் தென்கிழக்கு மூலையிலேயே நெருக்கமாக நடப்பேன். உழவு வந்தபின் மண் புரண்டு, மேலே இருப்பது கீழும் கீழே இருப்பது மேலும் போய்விடும். ஆங்கிலோ-சாக்சன் காலத் தங்க, வெள்ளிப் பொருட்கள் அடங்கிய ஸ்டாஃபோர்ட்ஷயர் புதையலை நினைத்துப் பாருங்கள். 2009இல் டெரி ஹெர்பர்ட் அதைக் கண்டெடுத்த பின் தொல்லியலாளர்கள் முறையாக அகழ்ந்தார்கள். ஆயினும் 2012 நவம்பரில் அதே வயலை உழுதபோது மேலும் 91 துண்டுகள் கிடைத்தன. ஆகவே ‘முடிந்த வயல்’ என்று எதையும் நான் சொல்வதில்லை. இந்த உழவுக்கு முடிந்தது என்று வேண்டுமானால் சொல்வேன்.

பதில்: கென்ட்டிலிருந்து

நேரம் குறைவு என்று கலங்க வேண்டாம். ஜேர்சித் தீவில் ரெக் மீட், ரிச்சர்ட் மைல்ஸ் என்ற இருவருக்கு, அறுவடைக்குப் பின் ஆண்டுக்கு 10 முதல் 15 மணி நேரம் மட்டுமே நிலக்காரர் அனுமதி தந்தார். முன்பு அங்கே வெள்ளிக் காசுகள் கிடைத்தன என்ற ஒரு பேச்சை நம்பி, ஏறக்குறைய 30 ஆண்டுகள் தேடினார்கள். 2012இல் ஏறக்குறைய 70,000 காசுகள் ஒரே கட்டியாகக் கிடைத்தன. முதல் காசுகளைக் கண்டதும் தாமே தோண்டிக் குவிக்காமல், மண்ணை மூடித் தொல்லியலாளர்களை அழைத்தார்கள். அந்தப் பொறுமையைத்தான் நான் அவர்களிடம் பெரிதாகக் காண்கிறேன்.

சஃபோக் வாசி

இரு ஆலோசனைகளையும் சேர்த்துக்கொண்டேன். காலையில் மூன்று மணித்தியாலம் 10 மீற்றர் கோடுகள் நடந்து, வயலின் பாதியைக் கடந்தேன். மேற்குப் பகுதியில் இரண்டு பொத்தான்களைத் தவிர ஒன்றுமில்லை. பிற்பகல் தென்கிழக்கு மூலையில், அரிதாளைக் காலால் மிதித்துச் சாய்த்து, வட்டைத் தரையோடு ஒட்டி வீசினேன். ஆணிகளின் முறுமுறுப்புக்கு நடுவே ஒரு மெல்லிய ஒலி, குறுக்கே வீசியபோது மட்டும் கேட்டது. ஒன்பது சென்ரிமீற்றர் ஆழத்தில், மண்கட்டியின் பக்கவாட்டில் செங்குத்தாக நின்றது ஒரு காற்பங்குக் காசு. பழைய அரைக் காசு கிடைத்த இடத்துக்கு அது ஆறு மீற்றர் தூரம்.

இப்போது ஒரு புதிய ஐயம். 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வெள்ளிக் காசுகள் இரண்டு சேர்ந்து கிடைத்தால் அது 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்துக்குள் வரும் அல்லவா?

பதில்: லெஸ்டரிலிருந்து

இரண்டும் ஒரே கண்டெடுப்பைச் சேர்ந்தவை என்றால் வரும். வெவ்வேறு காலத்தில் தனித்தனியே தவறவிடப்பட்ட காசுகள் என்றால் வராது. அதை நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். உங்கள் மாவட்டத்தின் தொல்பொருள் தொடர்பு அலுவலரிடம் இரண்டு காசுகளையும், ஜிபிஎஸ் குறிப்புகளையும், தேதிகளையும் நாளையே தெரிவியுங்கள். புதையலாக இருக்கலாம் என்று உணர்ந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். கமக்காரருக்கும் இன்றே சொல்லிவிடுங்கள், நிலம் அவருடையது.

சஃபோக் வாசி

சொல்லிவிட்டேன். காசை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். விதைப்பை அந்த மூலையில் மட்டும் ஒரு வாரம் தள்ளிப்போட இயலும் என்று அவராகவே கூறினார். அலுவலரிடம் வியாழக்கிழமை நேரம் கிடைத்திருக்கிறது. அதுவரை அந்த மூலையில் கால் வைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.