ஞாயிறு கொல்லைக்கு யார் யார் வருகிறீர்கள்?

வாட்ஸ்அப் குழு: உத்திரமேரூர் வீடு

வியாழன், 25 செப்டம்பர் 2025

பெரியப்பா: அனைவருக்கும் காலை வணக்கம். ஆயுத பூஜை வருகிற புதன், அக்டோபர் 1. கிணற்றுக் கொல்லையில் வெண்பூசணி முழுக்கச் சாம்பல் பூத்துவிட்டது. பரங்கியும் பாதிக்கு மேல் பழுத்திருக்கிறது. வியாபாரி திங்கள் விடியற்காலை வண்டி எடுத்து வருகிறார். அதற்கப்புறம் வந்தால் வெறும் கொடியைத்தான் பார்க்கலாம். அதனால் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் குடும்பத்தோடு வந்துவிடுங்கள். அம்மா காரியத்துக்குப் பிறகு நாம் எல்லோரும் சேர்ந்து அங்கே நிற்கவே இல்லை.

அத்தை: நான் வரேன் அண்ணா

அப்பா: எத்தனை மணிக்கு

சித்தி: கொலு இருக்கே மாமா. ஞாயிறு சாயங்காலம் எதிர் வீட்டுக்காரர்களை அழைத்துவிட்டேன்

பாபு அண்ணன்: சனி எனக்கு நைட் ஷிப்ட். ஒரகடத்திலிருந்து நேரா வந்துவிடுகிறேன்

சித்தப்பா: பார்க்கலாம்

அத்தை: அவன் பார்க்கலாம் என்றால் வரமாட்டான்

பெரியப்பா: காலை 7 மணிக்குள் வந்தால் நல்லது. காரணம் சொல்கிறேன். பரங்கிப் பூ விடியற்காலையில் விரிந்து, வெயில் ஏறினால் சுருங்கிவிடும். தேனீ வருவதும் அந்த நேரம்தான். ஒரே கொடியில் ஆண் பூவும் இருக்கும், பெண் பூவும் இருக்கும். ஆண் பூ மெல்லிய காம்பில் நீட்டிக்கொண்டு நிற்கும். பெண் பூவுக்கு அடியிலேயே குட்டியாக ஒரு பிஞ்சு இருக்கும். ஆண் பூவைப் பறித்து அதன் மகரந்தத்தைப் பெண் பூவில் பிள்ளைகளே தடவிப் பார்க்கலாம். தேனீக்காகத்தான் மருந்து அடிக்க வேண்டியிருந்தால்கூட நான் சாயங்காலம் மட்டும் அடிக்கிறேன்.

கவிதா அக்கா: கிஷோருக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட்டே ஆச்சு பெரிய மாமா. நாங்கள் மூன்று பேர்

நான்: பெரியப்பா, பிஞ்சைக் கை நீட்டிக் காட்டினால் அழுகிவிடும் என்று பாட்டி திட்டுவாங்களே

பெரியப்பா: அம்மா சொன்னால் சொன்னதுதான், யாரும் கை நீட்ட வேண்டாம். ஆனால் மீனா, உண்மையில் மகரந்தம் சேராத பிஞ்சுதான் மஞ்சளாகி உதிரும். பழ ஈ குத்தினாலும் அழுகும். அதற்குக் கருவாட்டுப் பொறி வைத்திருக்கிறேன். வாடை அடிக்கும், பிள்ளைகள் கிட்டே போக வேண்டாம்.

பாபு அண்ணன்: கருவாடு என்றதும் ஞாபகம் வருது. மதியம் நாட்டுக்கோழியா?

அத்தை: புரட்டாசிடா

பாபு அண்ணன்: ஞாயிறுதானே அத்தை, சனி இல்லையே

அத்தை: மாசம் முழுக்கப் புரட்டாசிதான். பரங்கிக்காய்ப் புளிக்குழம்பு, பூசணி மோர்க்குழம்பு. நான் சமைக்கிறேன்

அப்பா: அக்கா மோர்க்குழம்பு என்றால் நான் வருகிறேன்

அத்தை: போன வருஷம் யாரோ டிக்கி நிறைய அள்ளிக்கொண்டு போனார்கள். எனக்கு வந்தது ஒன்று. அதுவும் அடி நசுங்கினது

சித்தி: நாங்கள் அபார்ட்மென்டில் எல்லோருக்கும் கொடுத்தோம் அண்ணி, வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை

அத்தை: நான் பேர் சொல்லலையே

பெரியப்பா: இந்த வருஷம் எல்லா வீட்டுக்கும் சரிசமம். வெண்பூசணி மூன்று, பரங்கி மூன்று, நானே காம்போடு அறுத்து வைக்கிறேன். காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், அது உடைந்தால் அந்த வழியாகவே அழுகும். வெண்பூசணி மேல் இருக்கிற சாம்பலைக் கழுவாதீர்கள், அதுதான் காயைக் காப்பாற்றுகிறது. சிமெண்ட் தரையில் வைக்காமல் வைக்கோல் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் உறியில் தொங்க விடுங்கள். பொங்கல் வரைக்கும் இருக்கும். பரங்கி முற்றிவிட்டதா என்று பார்க்க நகத்தால் அழுத்துங்கள். நகம் இறங்கக் கூடாது.

கவிதா அக்கா: மாமா, கிஷோர் ஒன்று கேட்கிறான். அக்டோபர் 31 எங்கள் அபார்ட்மென்டில் ஹாலோவீன். பரங்கிக்காயில் கண் மூக்கு வாய் வெட்டி உள்ளே விளக்கு வைப்பார்களாம். பெரியதாக ஒன்று கிடைக்குமா?

அத்தை: வெட்டிய காயை யார் சமைப்பது

நான்: திருஷ்டிப் பூசணிக்கும் நாம் முகம் வரைந்துதானே மாடியில் தொங்க விடுகிறோம் அத்தை

பெரியப்பா: தருகிறேன். ஆனால் கிஷோரிடம் சொல், 30ஆம் தேதிக்கு முன்னால் கத்தி வைக்கக் கூடாது. முழுசாக இருந்தால் மாதக்கணக்கில் நிற்கும், வெட்டினால் நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு மூன்று நாள்தான். உள்ளே வழிக்கிற சதையை உன் அம்மாவிடம் கொடு, பால் கூட்டு செய்வாள். விதையைக் கழுவிக் காயவைத்துப் பத்திரமாக வை. அது அப்பா காலத்து விதை. கடையில் வாங்கியது இல்லை.

அப்பா: உடைப்பவர்கள் கவனத்துக்கு. எங்கள் நங்கநல்லூரில் போன வருஷம் ஆயுத பூஜை அன்று ராத்திரி ஒரு பையன் பூசணியில் வழுக்கி பைக்கோடு விழுந்து தோள்பட்டை இறங்கிவிட்டது. நடுரோட்டில் யாரும் உடைக்காதீர்கள். ஓரமாக உடைத்து, உடனே அள்ளிவிட வேண்டும். உள்ளே குங்குமத்தோடு போட்ட காசைப் பொறுக்கப் பிள்ளைகளும் ஓடி வரும்

சித்தி: நாங்கள் கேட்டுக்கு உள்ளேதான்

சித்தப்பா: வியாபாரி என்ன விலை சொல்கிறான்

பெரியப்பா: வெண்பூசணி கிலோ 12 ரூபாய்.

சித்தப்பா: கோயம்பேட்டில் சிறப்புச் சந்தை போடுவார்களே. நேரா கொண்டுபோனால் கூடக் கிடைக்குமே

பெரியப்பா: வண்டி வாடகை, ஏற்றுக் கூலி, இறக்குக் கூலி, கமிஷன் எல்லாம் போனால் கைக்கு அதேதான் வரும். தவிர, பூஜைக்கு மறுநாள் அதே காயைத் திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது. வைகாசியில் விதை ஊன்றும்போதே இந்த ஒரு வாரத்தைக் கணக்குப் போட்டுத்தான் ஊன்றுகிறோம். நடுவில் கிணற்று மோட்டாரின் கம்பிச் சுருள் எரிந்து நின்றது. சுருள் கட்டிய செலவைப் பங்கு போடலாம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நான் கேட்கவில்லை, சொல்கிறேன்.

(நெடுநேரம் யாரும் பதில் போடவில்லை)

கவிதா அக்கா: வேடந்தாங்கல் பக்கம்தானே? அப்படியே பறவை பார்த்துவிட்டு வரலாமா

பாபு அண்ணன்: இப்போ ஒன்றும் இருக்காது. ஏரி ரொம்பி நவம்பர் ஆகணும்

சித்தப்பா: அண்ணா, ஞாயிறு அந்த விஷயத்தையும் பேசி முடித்துவிடலாமா

அப்பா: எந்த விஷயம்

அத்தை: தெரியாத மாதிரி கேட்காதே. கொல்லையை மனை போடக் கேட்கிற லேஅவுட்காரன்

பெரியப்பா: அது குழுவில் வேண்டாம்.

நான்: நம் ஊரில்தானே ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டு ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்த குடவோலைக் கல்வெட்டு இருக்கு. ஆளுக்கு ஒரு சீட்டு எழுதிப் போட்டுடலாம்

பெரியப்பா: நல்ல யோசனை மீனா. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருப்பது பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 919, 921. பிள்ளைகளை அங்கேயும் கூட்டிப் போவேன். அந்தச் சபைக்குச் சும்மா யாரும் நின்றுவிட முடியாது. வரி கட்டுகிற நிலம் சொந்தமாக இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள். முன்னே பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது, அவனுடைய உறவினரும் நிற்கக் கூடாது.

அத்தை: அப்போ நம் வீட்டில் ஒருத்தரும் நிற்க முடியாது

அப்பா: அக்கா

சித்தப்பா: கணக்கு நான் எப்போ வேண்டுமானாலும் காட்டுவேன்

பெரியப்பா: யாரும் கோபப்பட வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். விற்பதா வேண்டாமா என்பதை நீங்கள் நாலு பேரும் முடிவு செய்யுங்கள், நான் கையெழுத்து போடுகிறேன். ஆனால் முடிவு செய்வதற்கு முன்னால் ஒரு காலையாவது அந்த வரப்பில் நின்று பாருங்கள். மழை ஈரத்தில் காய் அழுகாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் அடியில் வைக்கோல் வைத்தது நானும் உங்கள் அண்ணியும்தான். ஆள் வைக்கவில்லை. செல்போனில் படம் பார்த்து நிலத்துக்கு விலை பேசாதீர்கள்.

அத்தை: நாங்கள் வரோம் அண்ணா

அப்பா: நிச்சயம் வருகிறோம்

சித்தி: மாமா, நானும் வரேன். மூன்று மணிக்குள் கிளம்பினால் கொலுவுக்குத் திரும்பிவிடலாம். மார்கழிக் கோலத்துக்குப் பூ கிடைக்குமா?

பெரியப்பா: இந்தக் கொடி அதுவரை தாங்காது அம்மா. ஐப்பசி தொடக்கத்தில் வேலியோரம் நாலு குழி தனியாக ஊன்றுகிறேன். ஒன்றரை மாதத்தில் பூ வந்துவிடும்.

சனி, 27 செப்டம்பர் 2025

அப்பா: யார் வண்டியில் யார்? முடிவாகச் சொல்லுங்கள்

கவிதா அக்கா: எங்கள் காரில் இடம் இருக்கு. ஆனால் நாங்கள் வேளச்சேரியிலிருந்து கிளம்புவதால் பெரம்பூர் போய் அம்மாவை ஏற்ற முடியாது

அத்தை: நான் எலக்ட்ரிக் ட்ரெயினில் செங்கல்பட்டு வந்துடுவேன். அங்கே ஏற்றிக்கொள்ளுங்கள்

அப்பா: தனியாக வேண்டாம் அக்கா. தம்பி முகப்பேரிலிருந்துதானே வரணும், ஏற்றிக்கொள்வான்

சித்தப்பா: நான் வருவதைக் காலையில் சொல்கிறேன். வண்டி நிச்சயம் வரும்

அத்தை: வண்டி மட்டும் தனியாக வருமா

பெரியப்பா: வழி சொல்லிவிடுகிறேன். பரனூர் டோல், செங்கல்பட்டு தாண்டி, புக்கத்துறை கூட்டு ரோட்டில் வலது பக்கம் திரும்புங்கள். மேப் காட்டுகிற குறுக்கு வழியில் வராதீர்கள், அங்கே சாலை தோண்டிப் போட்டிருக்கிறார்கள். கோணிப்பை நாலைந்து கொண்டுவாருங்கள். செருப்பு வரப்பிலேயே விட்டுவிட வேண்டும், கொடியை மிதிக்கக் கூடாது.

பாபு அண்ணன்: அப்பா, இங்கே இடி இடிக்குது. அங்கே மழையா?

பெரியப்பா: தூறல். பலமாகப் பெய்தால் கொல்லைக்குள் வண்டி இறங்காது, ஏரிக்கரையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். பெய்தாலும் வாருங்கள்.

சித்தி: பத்துப் பேருக்கா, பன்னிரண்டு பேருக்கா? சுண்டலுக்குக் கடலை ஊறப் போடணும்

நான்: பன்னிரண்டு போடுங்க சித்தி. பாபு அண்ணன் இரண்டு பேருக்குச் சமம்

அப்பா: தம்பி, ஃபாஸ்டாகில் பணம் இருக்கா என்று பார்த்துக்கொள்

சித்தப்பா: போடுகிறேன்

அத்தை: 5 மணிக்கு வாசலில் நிற்பேன். யார் வரீங்க என்று மட்டும் சொல்லுங்கள்